இருபத்தொரு நிறுவை

“கதிர்ப்படப் பிரிவின் சுகாதாரப் பணி உதவியாளர் திடகாத்திரமான உடலமைப்பு உடையவராகவும், கடமை நேரத்தில் தேவையற்ற உரையாடலைத் தவிர்ப்பவராகவும், படம் எடுக்கும்போது நோயாளியை அசையாது பிடித்து வைத்திருக்கும் வலுப் பெற்றவராகவும் இருத்தல் வேண்டும்.”

ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் கடமைப் பட்டியலில் இந்த வாக்கியம் இருக்கிறது. அந்தப் பதவியில் பத்தொன்பது வருடமாக இருப்பவர் கந்தப்பன். வயது ஐம்பத்திரண்டு, எடை நாற்பத்தாறு கிலோ. எக்ஸ்ரே அறையில் போட்டுக்கொள்ள வேண்டிய ஈய அங்கி மட்டும் ஆறு கிலோ. அங்கியை அவர் மாட்டிக்கொள்கிறார் என்பதைவிட, அங்கி அவரை மாட்டிக்கொள்கிறது என்பதே சரி. அது தோளில் ஏறியதும் அவருடைய முழங்கால்கள் இரண்டும் ஒரு தரம் வளைந்து, கொஞ்சம் யோசித்து, பிறகுதான் நிமிரும்.

உரையாடலைத் தவிர்ப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் அவரே சொல்லிவிடுவார். காலையில் றொசல்லயில் ரயில் ஏறும்போது பக்கத்து ஆளிடம் தொடங்கும் கதையை, ஆஸ்பத்திரி வாசலில் காவலாளியிடம் தொடர்ந்து, அன்றைய மூன்றாவது நோயாளியிடம் முடிப்பார். மூவரில் ஒருவருக்கும் கதை முழுசாகத் தெரியாது. கந்தப்பனுக்கு அது ஒரு குறையாகப் பட்டதே இல்லை.

நோயாளியைப் பிடித்து வைத்தது அவர் வாழ்க்கையில் ஒரே தடவை. தோள் நழுவி வந்த, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக்காரர் ஒருவரை வேலையில் சேர்ந்த புதிதில் பிடித்தார். வந்த படத்தில் தோள் தெரியவில்லை. கந்தப்பனின் ஐந்து விரலும், அவர் மாமனார் போட்ட மோதிரமும் மிகத் தெளிவாக விழுந்திருந்தன. அதற்குப் பிறகு அவரை யாரும் பிடிக்கச் சொன்னதில்லை. பட்டியலை மட்டும் யாரும் திருத்தவில்லை.

இதற்கும் முன்னால் அவர் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. பதினொரு நாள். மடுவத்தில், அதாவது நிறுவைக் கொட்டகையில், தேயிலைக் கொழுந்தைத் தராசில் மாட்டி, முள் நின்றதும் எடையைச் சொல்வதுதான் வேலை. இவர் முள் ஆடுகிற நேரத்தில் பக்கத்தில் நிற்கிற பெண்ணிடம் அவள் தம்பிக்குப் பெண் பார்த்த கதையைக் கேட்பார். முள் நின்று, அலுத்து, சாக்கை இறக்கிய பிறகு, “என்னா எடை போட்டேன்?” என்று அவர்களிடமே கேட்பார். அவர்களும் சொல்வார்கள். அந்தப் பதினொரு நாளில் அந்தத் தோட்டத்தில் விளைந்த கொழுந்து அதற்கு முன்னும் விளையவில்லை, பின்னும் விளையவில்லை. பன்னிரண்டாம் நாள் தோட்ட நிர்வாகியான துரை அவரை அனுப்பிவிட்டார்.

கடந்த பங்குனியில், ஒரு வியாழக்கிழமை காலை, அவர் எக்ஸ்ரே அறைக்குள் நுழைந்தபோது மதுரா மிஸ் கோபமாக இருந்தாள். மதுரா படம் எடுப்பவள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வயது இருபத்தொன்பது. விதிமுறைப் புத்தகத்தை மேசையில் வைத்திருப்பவர்கள் உண்டு. அவள் அதைப் படித்தும் இருந்தாள்.

“கந்தப்பண்ணை, இதைப் பாருங்கோ. நான் ரெண்டு நாள் லீவிலை நிண்டால் இப்பிடியா செய்யிறது?”

கணினித் திரையில் ஒரு குழந்தை. தலையிலிருந்து கால்வரை முழுப் பிள்ளையும் ஒரே படத்தில், கல்யாண வீட்டில் குடும்பப் படம் எடுத்த மாதிரி. பிள்ளை ஆடியிருந்ததால் விலா எலும்புகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. இடுப்பருகே உருளையாக ஒரு வெள்ளை. கணுக்காலில் வளையமாக இரண்டு வெள்ளை.

“அது தாயத்து. இது தண்டை,” என்றார் கந்தப்பன். “இந்தக் குண்டு மூணும் வெள்ளி மணியா இருக்கும். நல்ல வசதியான மாமன் போல.”

“நான் நகையைக் கேக்கேல்லை. பதில் வேலைக்கு வந்தவர் பிள்ளையை உடுப்போடை, நகையோடை, ஒரே படமா எடுத்துவிட்டுப் போட்டார். இதிலை எலும்பைப் பாக்கிறதா, இல்லாட்டி நகைக்கடையைப் பாக்கிறதா?”

விஷயம் இதுதான். பிள்ளையின் பெயர் லோஜன். இரண்டு வயதுக்கு ஒரு மாதம் குறைவு. பக்கத்துத் தோட்டத்து லய வீட்டில் இருக்கும் நிலக்ஷி என்ற கொழுந்து பறிக்கிற பெண்ணின் ஒரே பிள்ளை. அப்பன் கொழும்பில் கடையில் வேலை. திங்கட்கிழமை பிள்ளை இடது காலை ஊன்ற மாட்டேன் என்று அழுதிருக்கிறான். அன்றைக்குக் காலுக்கு மட்டும் படம் எடுத்ததில், கீழ்க்காலின் பெரிய எலும்பில் தலைமயிர் கனத்தில் சாய்வாக ஒரு வெடிப்பு.

எப்படி விழுந்தான் என்று, எல்லாரும் டாக்டர் நோனா என்று கூப்பிடும் வார்டு டாக்டரம்மா கேட்டார். லயத்து வாசலில் உள்ள இஸ்தோப்புப் படியில் என்றாள் நிலக்ஷி. படி எவ்வளவு உயரம் என்று கேட்டதற்கு அரை அடி என்றாள். மறுநாள், படியில்லை, கட்டிலிலிருந்து என்றாள். அவள் வீட்டில் கட்டிலே கிடையாது என்று தோட்டத்து மருத்துவிச்சி தொலைபேசியில் சொன்னாள். மூன்றாம் நாள், கட்டிலில்லை, பீலித் தண்ணீரில் குளிக்கும்போது வழுக்கி என்றாள்.

டாக்டர் நோனா மூன்றையும் எழுதிக்கொண்டார். கதை நாளுக்கு நாள் மாறுகிறது; பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை; பதில் ஆள் எடுத்த முழுப் படத்தில் விலா எலும்பு சந்தேகமாக இருக்கிறது. யாராவது அடித்திருக்கலாம். அப்படியானால் இந்தக் கால் முதல் காயமாகவும் இருக்காது, கடைசிக் காயமாகவும் இருக்காது. சிறுவர் நன்னடத்தை அதிகாரி வரவழைக்கப்பட்டார். அவர் சொன்னது சுருக்கமானது: இன்று பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம். பிள்ளையின் உடம்பில் வேறு முறிவு இல்லை என்று காட்டுகிற ஒழுங்கான படங்கள் அதற்குள் வராவிட்டால், விசாரணை முடியும்வரை பிள்ளை நுவரெலியாவிலுள்ள சிறுவர் இல்லத்துக்குப் போவான்.

கந்தப்பனுக்குச் சுருக்கென்றது. “ஏன் மிஸ், ஒரு கால் வீக்கத்துக்குப் பெத்தவளச் சந்தேகப்படுறதா? எங்க லயத்துல விழாத புள்ள எது? நான் விழுந்த விழுகைக்கு எங்க அம்மா தூக்குல தொங்கணும்.”

மதுரா திரையிலிருந்து திரும்பினாள்.

“போன வருஷம் ஒரு குழந்தை வந்தது. நாலு மாசம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முதல் படத்திலை ஒண்டும் தெரியேல்லை. ரெண்டு கிழமை கழிச்சு எடுத்ததிலை, நாலு விலா எலும்பு முறிஞ்ச இடத்திலை புது எலும்பு உருண்டையா வளந்து ஒட்டிக்கொண்டு இருந்தது. வீட்டிலை ஆரும் வாய் திறக்கேல்லை, கந்தப்பண்ணை. எலும்புதான் சொன்னது.”

கந்தப்பனுக்கு ஞாபகம் இருந்தது. அவர் வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாத கதை அது ஒன்றுதான்.

“சந்தேகப்படாத டாக்டரிட்டை பிள்ளையைக் காட்டக்கூடாது,” என்றாள் மதுரா. “ஆனால் சந்தேகத்தை ஒரு ஆடின படத்திலை விட்டிட்டுப் போகவும் கூடாது. கண்டியிலை இருந்து பெரிய டாக்டர் சொல்லிப் போட்டார்: தலை தனிய, கை தனிய, விரல் தனிய, விலா நேரா, விலா சாய்வா, எல்லாமா இருபத்தொரு படம். ஒண்டும் ஆடக்கூடாது.”

“இருபத்தொண்ணா? எங்க துரைக்குக்கூட கல்யாணத்துல அத்தன படம் எடுக்கலையே!”

பத்தரை மணிக்கு நிலக்ஷி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்று நாளாகத் தூங்காத முகம். வெளியே வாங்கில் அவளுடைய அண்ணன் ஜெயகாந்தன் உட்கார்ந்திருந்தார். தொண்ணூற்றைந்து கிலோ, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் மூன்று பேனா. தோட்டத்துத் தொழிற்சங்கத்தின் தலைவர். லயத்துக் கூரை ஒழுகுவதற்காகத் தொழிலாளர் ஒரு மாதமாக மெதுவாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதை நடத்துபவர் அவர்தான். வாங்கின் மறு முனையில் இருந்த கிழவி அவர் உட்கார்ந்ததும் அரை அங்குலம் உயர்ந்தாள்.

தண்டையை நிலக்ஷியே கழற்றிவிட்டாள். முதல் சண்டை தாயத்துக்கு.

“அரைஞாணக் கழட்டக் கூடாதுங்க,” என்றாள் நிலக்ஷி. “முனியாண்டி கோயில்ல கட்டினது. கழட்டினா காத்து கருப்பு அண்டிரும்.”

“படத்திலை விழும் அம்மா. எலும்பை மறைக்கும்.”

“மறைச்சா மறைக்கட்டும் மிஸ். புள்ள இருக்கணும்ல?”

கந்தப்பன் நடுவில் வந்தார். “தங்கச்சி, நீ என்கிட்ட குடு. நான் கையில கட்டிக்கிட்டுப் புள்ளைக்குப் பக்கத்துலயே நிக்கிறேன். காத்து கருப்பு வந்தா என் வாசல் தாண்டித்தான் போவணும். என்கிட்ட மாட்டுனா அது பேச்சு வாங்கியே ஓடிரும்.”

நிலக்ஷிக்கு இது நியாயமாகப் பட்டது. தாயத்து கந்தப்பனின் மணிக்கட்டுக்கு மாறியது. இனிமேல்தான் வேலை.

இரண்டு வயதுப் பிள்ளையை அசையாமல் வைப்பதற்கு உலகத்தில் உள்ள வழிகள் எல்லாவற்றையும் அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் கந்தப்பன் செய்து பார்த்தார். பாடினார், லோஜன் காதைப் பொத்தினான். பூனை மாதிரிக் கத்தினார். லோஜன் பூனையைத் தேடி எழுந்து உட்கார்ந்தான். தொலைபேசியில் பொம்மைப் படம் காட்டினார். அதில் பொம்மைகள் ஆடின, இவனும் ஆடினான். பிஸ்கட் கொடுத்தார், தலையெலும்புப் படத்தில் தாடை மென்றுகொண்டே விழுந்தது. ஈய அங்கியோடு குட்டிக்கரணம் போடலாமா என்று ஒரு கணம் நினைத்து, எழும்ப முடியாது என்பதால் கைவிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு படமும் தேறவில்லை. நிலக்ஷி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மதுராவுக்குப் பக்கத்தில் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். விசாரணை நடப்பதால், படம் எடுக்கும்போது பிள்ளையைப் பிடிக்க அவளுக்கு அனுமதியில்லை.

“மயக்க மருந்து குடுக்க வேணுமெண்டால் கண்டிக்கு அனுப்ப வேணும்,” என்றாள் மதுரா. “அது நாளைக்குத்தான். மூண்டு மணிக்குக் கூட்டம்.”

கந்தப்பன் முதல் தடவையாக வாயை மூடினார். அறை அமைதியானதும், மேசையில் மல்லாந்து கிடந்த லோஜன் மேலே பார்த்தான். கூரையிலிருந்து ஒரு இரும்புக் கை இறங்கி, அதன் நுனியில் எக்ஸ்ரே பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அவன் விரலை நீட்டினான்.

“கொயுந்து,” என்றான்.

கந்தப்பனும் மேலே பார்த்தார். பத்தொன்பது வருடமாகத் தினமும் பார்க்கிற பெட்டி. இன்றைக்குத்தான் அது மடுவத்துத் தராசில் மாட்டிய கொழுந்துச் சாக்கைப்போலத் தொங்குகிறது என்று தெரிந்தது.

தினமும் மாலை நிலக்ஷி தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான புள்ளக்காம்பராவிலிருந்து மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மடுவத்தில் வரிசையில் நிற்பாள். சாக்கைத் தராசில் மாட்டியதும் கணக்கப்பிள்ளை ஒரு கூப்பாடு போடுவார். அவ்வளவு நேரமும் சந்தையாகக் கிடந்த மடுவம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். யாராவது சாக்கில் முட்டிவிட்டால் அரைக் கிலோ போய்விடும் என்று எல்லாருக்கும் பயம். தோட்டத்தில் இப்போது நம்பர் காட்டுகிற தராசு வந்துவிட்டது, முள்ளே கிடையாது. கூப்பாட்டை மட்டும் யாரும் மாற்றவில்லை.

கந்தப்பன் நெஞ்சை நிமிர்த்தினார். பதினொரு நாள் கணக்கப்பிள்ளையின் குரல், முப்பது வருடம் கழித்து, அடிவயிற்றிலிருந்து வந்தது.

“ஆடாதே! முள்ளு நிக்கட்டும்!”

நிலக்ஷி சிலையானாள். முந்தானை வாயிலேயே நின்றது. லோஜன் கை, கால், கண், எல்லாம் நின்றது. கதவுக்கு வெளியே நடையில் வரிசையாக நின்ற நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் தோட்டத்துச் சனம்; அவர்களும் நின்றார்கள். தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன ஒரு கிழவி பாதி வழியில் நின்றாள்.

“மிஸ், அமத்துங்க!” என்றார் கந்தப்பன் உதட்டை அசைக்காமல்.

மதுரா அழுத்தினாள். வலது கை, தோளிலிருந்து முழங்கைவரை. தெளிவாக விழுந்தது.

உடனே லோஜன் முகம் கோணியது. அழப் போகிறான்.

“எடையச் சொல்லுங்க மிஸ்! எடை சொல்லாம நிறுவை முடியாது!”

“என்ன எடை?”

“வாயில வந்தத!”

“வாயிலை வந்ததைச் சொல்லுற பழக்கம் எனக்கில்லை.”

“மிஸ்!”

மதுரா தொண்டையைச் செருமிக்கொண்டாள். “பதினெட்டு... தசம் நாலு.”

“பதினெட்டா?” நிலக்ஷியின் வாயிலிருந்து முந்தானை விழுந்தது. “என்னாங்க அநியாயம்! இருவதுக்குக் கொறையாதுங்க!”

சொன்ன பிறகு அவளே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். லோஜன் கைகொட்டிச் சிரித்தான். அவன் அறிந்த ஒவ்வொரு மாலையும் இப்படித்தான் முடியும்.

பிறகு நடந்ததைக் கடமைப் பட்டியல் எழுதியவர் பார்த்திருந்தால் ஓய்வு பெற்றிருப்பார். மதுரா பிள்ளையின் கையை விதிமுறைப்படி வைப்பாள், தடுப்புக்குப் பின்னால் ஓடுவாள், கந்தப்பன் கூப்பாடு போடுவார், உலகம் நிற்கும், படம் விழும், எடை சொல்லப்படும், நிலக்ஷி சண்டைக்கு வருவாள். நாலாவது படத்துக்கு மேல் நிலக்ஷி நடிக்கவில்லை. மூன்று நாளாக டாக்டர் முன்னால் தலைகுனிந்து நின்றவளுக்குச் சண்டை போட ஓர் இடம் கிடைத்தது, விடுவாளா?

எட்டாவது படத்தில் மதுரா, “ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிவு,” என்றாள்.

கந்தப்பன் திரும்பிப் பார்த்தார். “நனஞ்ச கொழுந்துக்குக் கழிக்கிறத உங்களுக்கு யாரு மிஸ் சொல்லிக் குடுத்தா?”

“முறைப்படி செய்யிறதெண்டால் முழுக்கச் செய்ய வேணும்.”

“வெயில் காயுது, ஈரமாம் ஈரம்!” என்று நிலக்ஷி கத்தினாள். “உங்க கண்ணுலதான் ஈரமில்ல!”

பதினைந்தாவதில் டாக்டர் நோனா சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கூப்பாடு விழுந்தது. நோனா கண்டியில் பிறந்து வளர்ந்தவர், மடுவத்தை வெளியிலிருந்துகூடப் பார்த்தவரில்லை. ஆனாலும் ஒரு காலை உள்ளே வைத்தபடி அப்படியே நின்றார். ஏன் நின்றேன் என்று அன்று மாலைவரை அவருக்கு விளங்கவில்லை.

இருபத்தொன்றாவது படம் ஒன்று ஐம்பதுக்கு விழுந்தது. மொத்த எடையை யாரும் கூட்டவில்லை. நிலக்ஷி மட்டும் தனக்குக் குறைந்தது முப்பது கிலோ அடிக்கப்பட்டிருக்கிறது என்ற முடிவில் இருந்தாள். தாயத்து பிள்ளையின் இடுப்புக்குத் திரும்பியது. படங்கள் கணினி வழியாகக் கண்டிக்குப் போயின.

இரண்டரை மணிக்குக் கண்டியிலிருந்து பதில் வந்தது. மதுரா அதைப் படித்தாள், கந்தப்பன் தோளுக்கு மேலால் கேட்டார். விலா எலும்புகள் ஒற்றையாக, ஒழுங்காக இருக்கின்றன. முன்பு தெரிந்தது ஆட்டம்தான். தலையில், கையில், முதுகில் ஒன்றுமில்லை. முறிவு ஒன்றே ஒன்று, இடது கீழ்க்காலில், சில நாள் பழையது. நடக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்குக் கால் எங்காவது மாட்டித் திருகினால் இப்படி வரும். ஆனால் புதிய விலா முறிவு முதல் படத்தில் தெரியாமலும் போகலாம் என்பதால் இரண்டு வாரத்தில் மறுபடி எடுக்க வேண்டும். கடைசியில்: கால் திருகியது எப்படி என்று இன்னும் யாரும் சொல்லவில்லை, கேளுங்கள்.

“அப்ப புள்ள வீட்டுக்குப் போவானா?” என்றார் கந்தப்பன்.

“தெரியேல்லை. எலும்பு என்ன நடந்தது எண்டு சொல்லும். ஆர் எண்டு சொல்லாது. மூண்டு கதை சொல்லியிருக்கினம். மூண்டும் பொய் எண்டால், உண்மையை ஏன் மறைக்கினம் எண்டுதானே கேப்பினம்?”

கந்தப்பனுக்கு வாய் பொறுக்கவில்லை. தேத்தண்ணி குடிக்கப் போகிறேன் என்று வெளியே வந்து, நேராக வாங்கில் ஜெயகாந்தனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வாங்கு ஒரு பக்கம் சாய்ந்தே இருந்ததால் அவர் தானாகவே தலைவர் மேல் சரிந்தார்.

“தலைவரே, படமெல்லாம் வந்துருச்சு. என்னா மாதிரி மிசினுங்கிறீங்க! காலு எப்படித் திருகுச்சு, எங்க மாட்டுச்சு, அம்புட்டும் எலும்புலயே எழுதியிருக்காம். கண்டியில பெரிய டாக்டர் பாத்துக்கிட்டே இருக்காரு.”

ஜெயகாந்தன் வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானைத் தளர்த்தினார். “எல்லாமா தெரியுது?”

“எல்லாமே.”

“சறுக்கு... அதோட பச்சைப் பெயின்ட்டுமா?”

கந்தப்பன் இரண்டு நொடி பேசவில்லை. ஒரே நாளில் இரண்டாவது தடவை.

“எந்தச் சறுக்கு தலைவரே?”

ஜெயகாந்தன் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு முழுவதும் வந்தது, முணுமுணுப்பாக. ஞாயிற்றுக்கிழமை கூரை விஷயமாக மனுக் கொடுக்கத் துரை பங்களாவுக்குப் போனார். தங்கச்சி துணி வெளுக்கப் போயிருந்ததால் மருமகனையும் தூக்கிக்கொண்டு போனார். துரை கொழும்புக்குப் போய்விட்டாராம். பங்களா முற்றத்தில் துரையின் பிள்ளைகளுக்காகக் கட்டிய, பச்சைப் பெயின்ட் அடித்த சிமெந்துச் சறுக்கு நின்றது. லோஜன் அதைக் காட்டி அழுதான். மடியில் வைத்துச் சறுக்கினார். பாதி வழியில் பிள்ளையின் செருப்பு சறுக்கின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. செருப்பு நின்றது, தொண்ணூற்றைந்து கிலோ நிற்கவில்லை.

“கொஞ்சம் அழுதான், அப்புறம் தூங்கிட்டான். காலையிலதான் ஊன மாட்டேன்னான். ஐயோ, நான் என்னான்னு சொல்வேன்? முந்நூறு குடும்பம் துரைய எதுத்து நிக்குது. தலைவரு துரை பங்களாவுல சறுக்கு விளையாண்டாருன்னா என் மூஞ்சில முழிப்பாங்களா? தங்கச்சிக்கும் தெரியாது. படின்னு நான்தான் சொன்னேன். அவ நம்பினா. டாக்டரு நம்பலன்னதும் என் வீட்டுக் கட்டில்னேன், அப்புறம் பீலின்னேன்... நான் சொன்னதத்தான் அவ சொன்னா.” அவர் கந்தப்பனின் கையைப் பிடித்தார். “அண்ணே, யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

கந்தப்பன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றுக்குப் பத்து. தலைவரின் முகத்தையும் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது.

“தலைவரே, நான் ரகசியம் காக்கிற ஆளான்னு இந்த ஆஸ்பத்திரியில யாரையாவது கேட்டுப் பாருங்க.”

ஜெயகாந்தன் யோசித்தார். எதிரில் நின்ற காவலாளியைப் பார்த்தார். காவலாளி இல்லையென்று மெதுவாகத் தலையாட்டினான்.

“அஞ்சு மணி ரயில்ல நான் றொசல்லக்குப் போவேன்,” என்றார் கந்தப்பன். “அதுக்குள்ள இந்தக் கத எங்க டேசன் தாண்டி வட்டவளைக்கே போயிரும். என் வாயில வந்தா நீங்க மூணு தடவ சறுக்கினதா இருக்கும். நீங்களே போய்ச் சொன்னா ஒரு தடவதான்.”

ஜெயகாந்தன் எழுந்தார். கிழவி அரை அங்குலம் இறங்கினாள். டாக்டர் நோனாவின் அறைக்கு அவர் நடந்துபோன மாதிரி எந்தத் தலைவரும் எந்தப் பேச்சுவார்த்தைக்கும் போயிருக்க மாட்டார்.

நோனா அவரை அப்படியே நம்பிவிடவில்லை, நாலாவது கதைதானே? கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் துரை பங்களாவுக்குத் தொலைபேசி போட்டார். சமையற்கார அப்பு எடுத்தார். ஆமாம், ஞாயிற்றுக்கிழமை குசினி ஜன்னலால் பார்த்தேன் என்றார். தலைவர் பிள்ளையை மடியில் வைத்துச் சறுக்கினார், பிள்ளை அழுதது, உடனே தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

“ஒரு தடவைதானா?” என்று கேட்டார் நோனா.

“பிள்ளையோட ஒரு தடவதாங்க,” என்றார் அப்பு. “அதுக்கு முந்தி தனியா ரெண்டு தடவ.”

கந்தப்பன் குத்துமதிப்பாகச் சொன்ன கணக்கு சரியாக வந்தது அவர் வாழ்க்கையில் அது முதல் தடவை.

நன்னடத்தை அதிகாரி வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில் முடிவு சொன்னார்: பிள்ளை தாயோடு போகலாம், மருத்துவிச்சி ஒன்றுவிட்டு ஒருநாள் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும், இரண்டு வாரத்தில் மறுபடி படம், அது வரும்வரை கோப்பு திறந்தே இருக்கும். மாமன் பிள்ளையைத் தூக்கலாம், சறுக்கு உள்ள இடத்தில் தூக்கக் கூடாது.

நிலக்ஷி அண்ணனிடம் ஆஸ்பத்திரி வாசல்வரை பேசவில்லை. வாசலில் பேசினாள். அங்கே நின்ற முச்சக்கர வண்டிக்காரர்கள் அதை இன்னமும் மறக்கவில்லை. அந்தக் கிழமை முழுக்கத் தோட்டத்தில் தலைவரைக் கண்டால் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். ஆனால் அவர் பயந்த மாதிரி யாரும் சங்கத்தை விட்டுப் போகவில்லை. துரையின் சிமெந்து அவர் எடையைத் தாங்கியிருக்கிறது, நம் கூரை ஏன் மழையைத் தாங்கவில்லை என்று அடுத்த கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள். அது நல்ல கேள்வியாக இருந்ததால் மனுவில் சேர்த்துக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து லோஜன் வந்தான். கந்தப்பனைக் கண்டதும் யாரும் சொல்லாமலே மேசையில் மல்லாந்து படுத்து, மேலே விரலைக் காட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டான். இந்தத் தடவை தலைப் படம் தேவையில்லை என்பதால் படங்கள் குறைவு. விலா எலும்பில் உருண்டை எதுவும் வளர்ந்திருக்கவில்லை. காலில் மட்டும், இருக்க வேண்டிய இடத்தில், புது எலும்பு பிடித்திருந்தது. மதுரா எடையைக் கழிவில்லாமல் சொன்னாள். நிலக்ஷி அதற்கும் சண்டை போட்டாள்.

ஆஸ்பத்திரி வருடாவருடம் ஊழியர்களுக்கு மதிப்பீட்டுப் படிவம் நிரப்பும். கந்தப்பனின் படிவத்தில் “நோயாளியை அசையாது பிடிக்கும் வலு” என்ற இடத்தில் மேலதிகாரி “இல்லை” என்று எழுதினார். “தேவையற்ற உரையாடல்” என்ற இடத்தில் “உண்டு” என்று எழுதினார். இரண்டும் உண்மை. “வேறு குறிப்புகள்” என்ற இடத்தை மதுரா வாங்கி, அவளுடைய ஒழுங்கான கையெழுத்தில் நிரப்பினாள்:

“ஒரு பிள்ளையை, கையால் தொடாமல், இருபத்தொரு தடவை அசையாமல் படுக்க வைத்தார். பிள்ளை தாயோடு வீட்டுக்குப் போனான்.”